தொகுப்பு வீட்டு விறகு

கார்த்திகை 2, ஞாயிறு

உரக்கடையில் கொடுத்த டைரி. இதுவரைக்கும் ஒரு பக்கம் எழுதினதில்லை. டி.வி. இல்லை, கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. அதனால எழுதறேன். என்னை அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க. எழுத்து கோணலாத்தான் வரும்.

வியாழன் ராத்திரி காத்து ஆரம்பிச்சது. வெள்ளி விடிஞ்சு பார்த்தா என் வீட்டு மேல ஒரு ஓடு இல்லை. தோப்பில் தென்னை எல்லாம் ஒரே பக்கமா தலையை வெச்சுப் படுத்துக் கிடக்கு. பார்த்தேன். ஒண்ணும் தோணலை. மாட்டை அவிழ்த்து வெளியில் கட்டினேன். சாணி அள்ளினேன்.

சர்க்கார் எனக்குக் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு அப்படியே நிக்குது. காங்கிரீட். அதில் நான் ஒரு நாளும் குடியிருந்ததில்லை. அதில் இருக்கிறது என் விறகு. நான் செத்தா என்னை எரிக்கிறதுக்குச் சேர்த்து வெச்ச விறகு. புளி, வாகை, கொஞ்சம் மா. கீழே செங்கல் கொடுத்து, சுவத்தில் ஒட்டாம, தலை உசரத்துக்கு மேல அடுக்கியிருக்கேன். விறகுக்கு வீடு வாங்கின கிழவின்னு ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும். மைக்செட் குணா ஒரு கல்யாண வீட்டில் மைக்கிலேயே சொன்னான். சிரிச்சவங்க வீட்டில் இன்னைக்கு அடுப்பு மூட்ட ஒரு காஞ்ச சுள்ளி கிடையாது.

விறகுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக்கிட்டேன். காலை நீட்டினா கட்டையில் இடிக்குது.

கார்த்திகை 3, திங்கள்

மழை. நெல் மூட்டை நனைஞ்சு முளை வாசனை அடிக்குது. என் மகன் ரெங்கராசு திருப்பூரில் இருக்கான். அவனுக்கு நான் இருக்கிறது தெரியுமோ தெரியாதோ.

கார்த்திகை 4, செவ்வாய்

இந்த வீட்டு ஜன்னல் தைலம்மை வீட்டுப் பக்கம் திறக்குது. நடுவில் ஒரு கம்பி வேலி. தைலம்மை என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரோட தம்பி பெண்டாட்டி. அவளோட நான் பேசி நாப்பத்தோரு வருஷம். வேலியில் துணி காயப்போட்டா அவள் துணிக்கும் என் துணிக்கும் நடுவில் ஒரு முழம் விடுவேன்.

அவளுக்கு நெஞ்சு போச்சு. ஆயுசு பூரா நெல் அவிச்ச புகை. ரெண்டு வருஷமா மூக்கில் குழாய் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. காத்திலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கிற மிஷின், அரிசிப் பானை வைக்கிற பெஞ்சு உசரம் இருக்கும். கரண்ட் இல்லாட்டி அது வெறும் பெட்டி. மைக்செட் குணாவோட பெட்ரோல் ஜெனரேட்டரைக் கொண்டாந்து ஓட்டறாங்க. இன்னைக்கு பெட்ரோல் தீரப்போகுது. பங்க்கில் ஆளுக்கு ரெண்டு லிட்டருக்கு மேல தரலையாம். அதுக்கும் பாதையில் விழுந்த மரத்தை ஏறித் தாண்டிப் போகணும்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம்னு அவள் மகன் அடைக்கலம் மன்றாடினான். அவள் மாட்டேன்னுட்டா. புருஷனை அங்கேதான் கொண்டு போனேன், துணி சுத்திக் கொடுத்தாங்க, போனா நானும் அப்படித்தான் வருவேன்னு சொன்னா. ஜன்னல் வழியா கேட்டுச்சு. நான் ஒட்டுக் கேட்கலை. ஜன்னலுக்குக் கதவு போடாமலே வீட்டைக் கொடுத்தான் அந்த காண்ட்ராக்டர். அவனையும் நான் மறக்கலை.

கார்த்திகை 5, புதன்

அடைக்கலம் டீசல் பேரல் ரெண்டை வாசலில் உருட்டிப் போட்டுத் தட்டறான். காது வலிக்குது.

கார்த்திகை 6, வியாழன்

அடைக்கலம் லேத்துப் பட்டறை வெச்சிருக்கான். சின்ன வயசில் வடக்கே ஒரு அரிசி ஆலையில் வேலை பார்த்தான். அங்கே உமியைப் புகைய வெச்சு, அந்தப் புகையில் இஞ்சினை ஓட்டுவாங்களாம். அதை இங்கே கட்டையில் செய்யப்போறான். வெல்டிங் அடிக்க கரண்ட் இல்லை. உளியால் வெட்டறான், போல்ட் போட்டு முறுக்கறான். சந்தெல்லாம் களிமண்ணும் சாம்பலும் குழைச்சு அடைக்கிறான். அடுப்புக்குப் பூசுற பதம் அவனுக்கு வரலை, வெடிச்சுக்கிட்டே இருந்தது. பார்க்கச் சகிக்கலை. ஒரு உருண்டை குழைச்சு வேலி மேல வெச்சுட்டு வந்தேன். எடுத்துக்கிட்டான்.

பேரலுக்குள்ள பேரல். உள் பேரலோட அடியில் லாரி பிரேக் டிரம். அதுதான் கழுத்து மாதிரி. மேலே கட்டையைப் போட்டு மூடியை இறுக்கிடணும். கட்டை எரியக்கூடாது, மூச்சுத் திணறணும். திணறி விடுற புகை அந்தக் கழுத்தில் கிடக்கிற தணலுக்குள்ள புகுந்து கேஸா வெளியே வரும். அதை மாட்டுத் தொட்டித் தண்ணிக்குள்ள குழாயில் ஓட விட்டு ஆறவெச்சு, தேங்காய் நார் அடைச்ச இன்னொரு பேரலில் வடிகட்டி, ஜெனரேட்டர் இஞ்சினுக்குக் கொடுக்கணும். மூச்சுத் திணறுற கட்டையால் மூச்சுத் திணறுறவளுக்கு மிஷின் ஓடப்போகுது. சொல்லிச் சிரிக்க ஆளில்லை.

இந்த கேஸுக்கு வாசனை கிடையாதாம், ஆளைத் தூங்கவெச்சே கொன்னுடுமாம். அதனால பேரலை வீட்டை விட்டுத் தள்ளி, திறந்த வெளியில் வெச்சு மேலே மட்டும் ரெண்டு தகரம் போட்டிருக்கான். யாரும் கிட்ட உட்காரக்கூடாதுன்னு கயிறு கட்டினான். என்னைப் பார்த்துத்தான் சொன்னான். நான் ஏன் அங்கே போய் உட்காரப்போறேன்.

கார்த்திகை 7, வெள்ளி, தீபம்

கொப்பரைக் களத்தில் மூட்டைக்குள்ள தப்பின கொட்டாங்கச்சி கொஞ்சம் கிடைச்சிருக்கு. அதை அடைக்கலம் பேரலில் போட்டான். அவன் பெண்டாட்டி மலர்க்கொடி கொல்லன் துருத்தி மிஷினைக் கையால் சுத்தினா. முதல்ல வெள்ளைப் புகை, அப்புறம் மஞ்சப் புகை. குழாய் நுனியில் தீக்குச்சி வெச்சான். அணைஞ்சது. அணைஞ்சது. சாயங்காலம் பிடிச்சுக்கிச்சு. நீலமா, வெளிறிப்போய் ஒரு சுடர். வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியலை.

குணா ஜெனரேட்டர் கயித்தை இழுத்தான். இருமிச்சு. மறுபடியும் இழுத்தான். ஓடிச்சு. தைலம்மையோட மிஷின் டக்கு டக்குன்னு அடிக்க ஆரம்பிச்சது. இஞ்சினை நிறுத்திச் சாம்பல் அள்ளுற நேரத்துக்கு மைக்செட் பேட்டரி ரெண்டு வெச்சிருக்காங்க.

தீபத்துக்கு எண்ணெய் இல்லை. ஊரில் யாரும் விளக்கு வைக்கலை.

கார்த்திகை 8, சனி

கொட்டாங்கச்சி தீர்ந்தது. விழுந்த தென்னையை அறுத்துப் போட்டான். தோப்பெல்லாம் விறகாத்தானே கிடக்குன்னு குணா சொன்னானாம். அவங்க அப்பனும் இப்படித்தான், என் வீட்டுக்காரர் கருமாதி அன்னைக்கு கோயில் ரேடியோவை என் வீட்டுப் பக்கம் திருப்பிக் கட்டினான்.

பச்சைத் தென்னை தண்ணி. எரியற பொருளே இல்லை அது. பேரல் வாயில் கஷாயம் மாதிரி கறுப்பா ஒழுகிச்சு. மத்தியானம் இஞ்சின் முனகி நின்னது. கழட்டிப் பார்த்தா உள்ளே எல்லாம் தாரு, விரலில் ஒட்டினா வரலை. அடைக்கலம் தின்னர் ஊத்திச் சுரண்டிக்கிட்டே இருந்தான். பேட்டரியில் ஓடுது.

நான் தரையைக் கூட்டினேன். மாட்டுக்குத் தென்னங்குருத்து வெட்டிப் போட்டேன். இத்தனை குருத்தை அது ஜென்மத்தில் தின்னதில்லை.

கார்த்திகை 9, ஞாயிறு

அடைக்கலம் வந்தான். வாசல்படியில் நின்னான், உள்ளே வரலை. கண் என் தலைக்கு மேல அடுக்கைப் பார்த்தது.

"பெரியம்மா, காஞ்ச கட்டை ஊர்லயே இங்கதான் இருக்கு."

"இருக்கு."

"நான் வேற வெட்டி அடுக்கித் தர்றேன்."

"எப்ப? நான் செத்தப்புறமா?"

அவன் தலையைக் குனிஞ்சான். "ஒங்கம்மா கேக்கச் சொன்னாளா?"ன்னு கேட்டேன்.

"இல்ல. தெரிஞ்சா கேக்காதேன்னுதான் சொல்லும்."

"அப்ப கேக்காதே."

போயிட்டான். அவங்க அப்பன் மாதிரியே நடக்கறான், வலது தோள் இறங்கி.

எழுபத்தேழு புயலில் சுவர் விழுந்து என் வீட்டுக்காரர் செத்தார். எனக்கு முப்பத்துநாலு வயசு. ரெங்கராசுக்கு ஆறு, சின்னவளுக்கு மூணு. ரெண்டு நாள் மழை விடலை. எரிக்க விறகில்லை. தைலம்மை வீட்டில் இருந்தது, உள் ரேழியில், நெல் அவிக்கிறதுக்குன்னு அடுக்கின புளியங்கட்டை. நான் போய் அவள் வாசல்படியில் நின்னேன். அவள் பச்சையில் மஞ்சக் கட்டம் போட்ட புடவை கட்டியிருந்தா, முந்தானையை இடுப்பில் செருகி. அவள் புருஷன், இவரோட கூடப்பிறந்த தம்பி, மூலையில் உட்கார்ந்திருந்தார். அவள்தான் சொன்னா: "யக்கா, நெல்லு பூரா நனைஞ்சு கெடக்கு. ரெண்டு நாள்ல மொளச்சிரும். அவிச்சாகணும்."

நான் திரும்பி வந்தேன். ஈர மரம், ரேஷன் மண்ணெண்ணெய், பழைய சைக்கிள் டயர். விட்டு விட்டு எரிஞ்சது. மறுநாளும் போய் மறுபடி கொளுத்தினாங்க. பார்த்துட்டு வந்தவங்க என் முகத்தைப் பார்க்கலை. அதுக்கு மேல எழுத வேண்டாம்.

அதிலிருந்து சேர்க்கிறேன். ஒவ்வொரு கோடைக்கும் கொஞ்சம்.

கார்த்திகை 10, திங்கள்

காலையில் மழை. நேத்து கிடைச்ச ரெண்டு லிட்டர் பெட்ரோலும் தீர்ந்து, பேட்டரியும் இறங்கிப்போச்சு போல. மிஷின் பீப் பீப்னு கத்திச்சு, நின்னது. குணா பெட்ரோல் தேடிப் போயிருக்கான்.

பொடைச்ச அரிசியையே திரும்பப் பொடைச்சேன். மிஷின் நின்ன வீட்டில் வேற சத்தம் கேட்குது. ஓட்டை விழுந்த துருத்தியை இழுக்கிற மாதிரி. இழுக்கும், நிக்கும், இழுக்கும். ஜன்னலில் சாக்கு கட்டினேன். சாக்கு வழியாவும் கேட்டுச்சு.

இந்த அறையில் காலை நீட்ட முடியலை. எத்தனை நாளைக்கு முடங்கிப் படுக்கிறது. வேலிக்கிட்ட போய் மலர்க்கொடியைக் கூப்பிட்டேன். "முன் வரிசை எனக்கு எடைஞ்சலா இருக்கு. ஒம் புருசனை எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கிட்டு நின்னா. "நான் குடுத்தேன்னு உள்ள சொல்லக்கூடாது. எடைஞ்சலுன்னு எடுத்ததுன்னு சொல்லு" என்றேன்.

ஓடினா. அந்தப் பொண்ணு ஓடி நான் பார்த்ததில்லை, உடம்பு கனம்.

இருட்டறதுக்குள்ள இஞ்சின் ஓடிச்சு.

கார்த்திகை 11, செவ்வாய்

என் கட்டையை அவங்க வெட்டற லட்சணம். குணா கோடரியை ஓங்கறான், கட்டை வேலி தாண்டி ஓடுது. கை முஷ்டி அளவு இருக்கணும், பெரிசா இருந்தா பேரலுக்குள்ள பாலம் கட்டிக்கிட்டு இறங்காது, தூளா இருந்தா அடைச்சுக்கும். வாகையை நார் பார்த்துப் பிளக்கணும். என் அரிவாளை எடுத்துக்கிட்டு வந்து நானே உட்கார்ந்தேன். கயித்துக்கு இந்தப் பக்கம்தான்.

கார்த்திகை 12, புதன்

ரெண்டாவது வரிசையில் கரையான் மண் பார்த்தேன். வெச்சிருந்தா எல்லாத்தையும் அரிச்சிடும். எடுத்துக்கச் சொல்லிட்டேன்.

கார்த்திகை 13, வியாழன்

மூணாவது வரிசை. பாம்புச் சட்டை கிடந்தது.

மலர்க்கொடி கஞ்சி கொண்டாந்தா. உப்பு கம்மி. பிளந்து போடப் போட பேரல் குடிக்குது. புளியங்கட்டை போட்டா இஞ்சின் குரல் மாறுது, கனமா ஓடுது. இப்போ உள்ளே இருந்தே எந்தக் கட்டைன்னு சொல்லிடுவேன். எண்பத்தொம்போதில் பிடாரி கோயில் புளி விழுந்தப்ப ஏலம் எடுத்தேன். அந்தக் கட்டை இன்னைக்கு ஓடிச்சு.

தலைவலி. கயித்துக்கு அந்தப் பக்கம் ஒரு தடவை போனேன். அடைக்கலம் என் கையைப் பிடிச்சு இழுத்துக் கொண்டாந்து காத்தாட உட்கார வெச்சுத் திட்டினான். பெரியம்மாவைத் திட்டற வயசு வந்துடுச்சு.

கார்த்திகை 14, வெள்ளி

நாலாவது வரிசை. கரையான், பாம்பு ரெண்டும் இல்லை. எடுத்துக்கிட்டாங்க.

கார்த்திகை 15, சனி

ரெங்கராசு வந்தான். பஸ் மாறி மாறி, கடைசியில் நடந்து. என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னான். தோப்பைப் பார்த்தான். அவன் வாங்கி வெச்ச கன்னுதான் பாதி. அழுவான்னு நினைச்சேன். அழலை. அப்பன் பிள்ளை.

அப்புறம் அறைக்குள்ள வந்தான். ஒரு சுவரோரம் மட்டும் இடுப்பளவுக்கு விறகு. அவனுக்குப் புரிய நேரமாகலை. வேலிக்கிட்ட போய் அடைக்கலத்தைப் பார்த்துக் கத்தினான். அடைக்கலம் சாம்பல் வாளியோட நின்னான். இவன் திரும்பி என்கிட்ட வந்தான்.

"எங்கப்பன எரிக்க இவங்க குடுத்தாங்களா? நீதானம்மா பாடமா சொல்லிச் சொல்லி வளத்த. அவங்க வீட்டு நெல்லு மொளச்சிரும்னு சொன்னாங்கல்ல?"

"ஆமா."

"அப்புறம்?"

"அந்த மழையில நீ என்ன தின்ன?"

"எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? ஆறு வயசு."

"எனக்கு இருக்கு."

மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போனேன்.

அந்த மழைக்கப்புறம் அரிசி ஓலைப்பெட்டியில் வரும். தைலம்மை விடியறதுக்குள்ள வாசலில் வெச்சுட்டுப் போயிடுவா. புழுங்கலரிசி, அதில் புளியங்கட்டைப் புகை வாசம் இருக்கும். மாசி அறுப்பு வரைக்கும் வந்தது. நான் ஒரு வாய் தொடலை. பிள்ளைங்களுக்கு வடிச்சுப் போட்டேன். காலிப் பெட்டியை வேலி மேல மாட்டிடுவேன். இதை எழுத வேண்டாம்னுதான் இருந்தேன்.

சாயங்காலம் ரெங்கராசு சட்டையைக் கழட்டிட்டுக் கட்டை பிளக்க உட்கார்ந்தான். அவனுக்கும் நார் பார்க்கத் தெரியலை.

கார்த்திகை 16, ஞாயிறு

வெயில்.

கார்த்திகை 17, திங்கள்

கடைசி அடுக்கு. செங்கல்லை எடுத்துச் சுவரோரம் வெச்சேன். அறை பெரிசா இருக்கு, பேசினா எதிரொலிக்குது. காலை நல்லா நீட்டலாம். தூக்கம் வரலை.

வெயில் பட்டதும் தைலம்மையைத் தூக்கி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் வேலியோரம் உட்கார வெச்சாங்க. மூக்குக் குழாய் நீளமா உள்ளே போகுது. நான் துணி காயப்போட்டுக்கிட்டிருந்தேன். தலை வெள்ளைப் பஞ்சு. கழுத்து எலும்புக் குழியில் தண்ணி ஊத்தி வைக்கலாம். எவ்வளவு உசரமா இருப்பா, இப்பவும் உட்கார்ந்தா என் தோள் வரைக்கும் வர்றா.

"யக்கா" என்றா.

நான் புடவையை உதறினேன்.

"பூராத்தையும்... எரிச்சுப்புட்டியே. நீ எதுல வேவ?"

"அத நீ பாக்கப்போறதில்ல. ஒனக்கு முன்னாடி நான் போறதா இல்ல."

சிரிச்சா. சிரிப்பு இருமலாச்சு, மலர்க்கொடி ஓடி வந்து முதுகைத் தடவினா. அடங்கற வரைக்கும் நான் அங்கேயே நின்னேன். அன்னைக்குக் கொடுக்காத விறகைப் பத்தி ஏதாவது சொல்லுவாளோன்னு நின்னேன். நாப்பத்தோரு வருஷமா அதுக்கு நான் என்ன பதில் சொல்லணும்னு வரிசையா வெச்சிருக்கேன்.

அவள் அதைச் சொல்லலை.

"கஞ்சி குடிச்சியா?" என்றா.

"உப்பு கம்மி."

"அவளுக்கு எப்பவும் கை... வராது" என்றா.

கார்த்திகை 18, செவ்வாய்

விறகு இன்னைக்கோட சரி. ரெங்கராசும் அடைக்கலமும் ஒரே சைக்கிளில் போய் செங்கல் சூளையில் கிடந்த கருவைக் கட்டையை மூட்டை கட்டிக் கொண்டாந்தாங்க. பாதி காஞ்சது. தாருக்குப் பயந்து வடிகட்டி நாரை மணிக்கொரு தடவை மாத்தறாங்க.

கார்த்திகை 20, வியாழன்

கம்பம் நட வெளி மாவட்டத்து ஆளுங்க வந்தாங்க. மலர்க்கொடி அவங்களுக்கு டீ போட்டா. சாயங்காலம் கரண்ட் வந்தது. பேரலை நிறுத்தினாங்க. மூடியைத் திறக்க அடைக்கலம் ராத்திரி முழுக்கக் காத்திருக்கணும்னான்.

இஞ்சின் சத்தம் இல்லாம காது அடைச்ச மாதிரி இருக்கு. மிஷின் டக்கு டக்கு மட்டும்.

கார்த்திகை 21, வெள்ளி

டி.வி. ஓடுது. போட்டேன். நிறுத்திட்டேன்.

கார்த்திகை 24, திங்கள்

ரெங்கராசு ஊருக்குப் போனான். தோப்பில் கன்னு வைக்கணும்னு சொல்லிட்டுப் போனான்.

குளத்தங்கரைப் புளி வேரோட சாய்ஞ்சு கிடக்கு. அதை அறுத்துத் தரச்சொல்லி அடைக்கலத்தைக் கூப்பிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாத்தறதுக்கு மரம் அறுக்கிற வாள் எடுத்துக்கிட்டு வந்தான். இது காய ரெண்டு கோடை ஆகும். செங்கல்லைத் திரும்பப் பரப்பினேன். ரெண்டு சுவரோரமும் பரப்பினேன்.

"ஒரு அடுக்குதான பெரியம்மா?"

"ரெண்டு."

அவன் என்னைப் பார்த்தான். பின்ன என்ன. அவங்க வீட்டுக் கொட்டாய் இன்னும் மேல தகரமில்லாம கிடக்கு. அடுத்த மழையில் இவன் மறுபடியும் என் வாசல்படியில் வந்து நிப்பான். அந்த மூஞ்சியை இன்னொரு தடவை நான் பார்க்கணுமா. அந்தத் தொல்லை எனக்கு வேண்டாம்.

கையை விரிச்சு என் அளவைக் காட்டினேன். அவன் கரிக்கட்டியால் மரத்தில் கோடு போட்டான். இன்னொரு அடுக்குக்கு ஒரு சாண் தள்ளிப் போடச் சொன்னேன்.

ஏன்னு கேட்டான்.

ஒங்கம்மா நெட்டைன்னேன்.